வலையில் ஒரு குரல் குறைந்தால்

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நாம் சற்று இளக்காரத்தோடுதான் ஆள்கிறோம். செபத்திற்கும் உழைப்பிற்கும் போக எஞ்சிய நேரத்தை வீணே கழிப்பது என்றே அதற்குப் பொருள் கொண்டுவிட்டோம். தபால்தலை சேர்ப்பவரையும் புறா வளர்ப்பவரையும் நாம் வெறுப்பதில்லை; ஆனால் அவர்களது கூட்டுறவால் ஊருக்கு என்ன பயன் என்று எவரேனும் கேட்டால் விடை சொல்லத் தயங்குவோம். அவ்வினாவுக்கு அண்மைக்கால வரலாறு தந்த விடையொன்றை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

ஹாம் வானொலி அன்பர்கள் என்று ஒரு சாரார் உளர். ஊதியத்துக்காக அன்றி, ஆர்வம் ஒன்றுக்காகவே அரசின் தேர்வெழுதி உரிமம் பெற்று, வீட்டின் ஒரு மூலையில் சிற்றலைக் கருவி அமைத்து, உலகின் மறுகோடியில் இருப்பவரோடு உரையாடுபவர்கள். வணிகத்துக்கு அக்கருவியைப் பயன்படுத்தலாகாது என்பது சட்டம். வானொலியை ஆர்வத்திற்காகவே கையாள்வோர் சென்னைக்குப் புதியவர் அல்லர். 1924ஆம் ஆண்டு மே மாதத்தில் கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பையும் தொடங்கிவிட்டது. அகில இந்திய வானொலி என்ற பெயரே பிறவாத காலம் அது. பணமுடையால் 1927இல் கழகம் நின்றுபோயிற்று. அதன் கருவி மாநகராட்சியின் கைக்குச் சென்று, 1930இல் மாநகராட்சியின் ஒலிபரப்புக்கு உதவியது. சென்னை மக்கள் முதன்முதலில் கேட்ட வானொலி, ஆர்வலர் சிலரின் பொழுதுபோக்கு என்றால் மிகையாகாது.

ஹாம் அன்பர் ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. நம் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தியும் இவர்களுள் ஒருவர்; அவரது குறி வி.யு.2 ஆர்.ஜி. ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்டதற்குச் சான்றாக அட்டைகள் அனுப்பிக்கொள்வர். குறித்த நேரத்தில் குறித்த அலைவரிசையில் பலர் கூடுவதுண்டு. அக்கூட்டத்திற்கு அவர்கள் வைத்த பெயர் 'வலை'. (மீனவரான திருத்தூதரின் வழிவந்த நமக்கு அச்சொல் இனிக்கவே செய்கிறது.) ஒருவர் பெயர் அழைப்பார், மற்றவர் விடையளிப்பர். பேசப்படும் செய்தியோ மிக அற்பமானது. அங்கே மழையா? என் குரல் எப்படிக் கேட்கிறது? புதிய ஆண்டெனா எவ்வாறு உள்ளது? வெளியார் கேட்டால், இதற்கா இத்தனை செலவு என்று சிரிப்பார். ஆயினும் நாள்தோறும் ஒலித்த குரல் ஒருநாள் ஒலிக்காவிடில் அவ்வலையில் அது உடனே தெரிந்துவிடும். இறந்துபோன அன்பரை 'மௌனமான விசை' என்று குறிப்பது அவர்கள் மரபு.

2004ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வன்பர்களின் கவனமெல்லாம் அந்தமானை நோக்கியிருந்தது. அத்தீவுகளிலிருந்து ஹாம் குரல் எழுந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, நெடுநாள் முயன்று அரசின் இசைவு பெற்று, இன்று ஸ்ரீ விஜய புரம் எனப்படும் போர்ட் பிளேரில் டிசம்பர் தொடக்கத்தில் தம் குழுவினருடன் முகாமிட்டார். அவர் குரலைப் பிடித்துவிட உலகெங்கும் பல்லாயிரவர் முண்டியடித்தனர். ஒவ்வொருவருக்கும் கிடைத்தது சில நொடிகளே. குறியைச் சொல்லி, கேட்டது என்று பதில் பெற்று, விலகிக்கொள்ள வேண்டும். மூன்று வாரங்களில் 30,000க்கும் மேற்பட்ட தொடர்புகள் நிகழ்ந்தன. பயன் என்று பார்த்தால், ஓர் அட்டை. அவ்வளவே.

டிசம்பர் 26, ஞாயிறு. திருக்குடும்பத் திருவிழா. காலை ஏறக்குறைய ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தது. வேளாங்கண்ணியில் அன்று நாம் இழந்தவர்களை இம்மாத இதழின் வாசகர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தமானிலும் நிக்கோபாரிலும் அழிவு அதனினும் முன்னதாகவே வந்துவிட்டது. தொலைபேசி அறுந்தது, மின்சாரம் நின்றது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடுதியின் மாடியிலிருந்து உயிர் தப்பிக் கீழிறங்கிய பாரதி பிரசாத், சிறிது நேரத்தில் கருவியை மீண்டும் இயக்கினார். அட்டைக்காகக் கொண்டுவந்த கருவி அந்நேரம் தொட்டு வேறொரு பணியில் இறங்கியது. அவரது குழுவினர் சிலர் கார் நிக்கோபாருக்கும் கருவியோடு சென்றனர். தலைநிலத்தில் ஏங்கிக் கிடந்த குடும்பங்களுக்கு, "இன்னார் நலம்" என்னும் இரண்டே சொற்கள் அலைகளின் வழியே வந்து சேர்ந்தன. கேட்ட அன்பர்கள் அச்செய்தியை உரியவர்களுக்குத் தெரிவித்தனர். இலங்கையிலும் ஹாம் அன்பர்கள் மின்கலத்தில் இயங்கும் கருவியோடு அம்பாந்தோட்டைக்குச் சென்று, துண்டிக்கப்பட்ட அப்பகுதியைக் கொழும்போடு இணைத்தனர்.

நம்மை மிகவும் தொடுவது இன்னொன்று. முந்தின நாள்வரை அந்தமானின் குரலைப் பிடிக்கப் போட்டியிட்ட பல்லாயிரவர்க்கு இப்போது செய்யக் கூடியதாய் இருந்தது ஒன்றே: அலைவரிசையை விட்டுக்கொடுத்து வாய்மூடிக் கேட்பது. உதவி என்றாலே உடனே ஓடுவதும் பேசுவதும் என்று எண்ணும் நமக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. சில நொடிகளே அறிந்த ஒரு பெண்ணின் குரல் மறுபடி எழுகிறதா என்று முகம் தெரியாத மக்கள் பல நாடுகளில் விழித்திருந்து கேட்டனர். 2006 ஏப்ரலில் போர்ட் பிளேரில் பன்னாட்டு ஹாம் மாநாடு கூடியபோது அயல்நாட்டு அன்பர்கள் பலர் அங்கே வந்தனர். குரலாக மட்டும் அறிந்த தீவை அப்போது கண்ணாலும் கண்டனர்.

இக்கலைக்கும் திருச்சபைக்கும் உறவு உண்டு. அவுஷ்விட்சில் 1941இல் மற்றொருவருக்காக உயிர் ஈந்த புனித மாக்சிமிலியன் கோல்பே, போலந்தில் தம் துறவு மடத்தில் 1938இல் வானொலி நிலையம் அமைத்தவர். ஹாம் அன்பர்கள் அவரைத் தம் பாதுகாவலராகக் கொண்டாடுகின்றனர். நேப்பாளத்தில் கோதாவரி புனித சவேரியார் பள்ளியை 1951இல் தொடங்கிய இயேசு சபை அருள்பணியாளர் மார்ஷல் மோரன், நெடுங்காலம் அந்நாட்டிலிருந்து கேட்ட ஏறத்தாழ ஒரே ஹாம் குரலாக விளங்கினார். குருமடத்தில் இவற்றை நமக்கு எவரும் கற்பித்ததில்லை என்பது வேறு.

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள். நம் மேற்குப் புறநகருக்கு வருவோம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. அன்றிரவு அவ்வேரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அந்நீர் அடையாற்றின் வழியே தெற்கே பாய்ந்தது. இங்கோ நம் ஏரிகளே நம்மைச் சூழ்ந்தன. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூருக்கும், கொரட்டூர் நிறைந்தால் இரட்டை ஏரிக்கும் நீர் செல்வது முன்னோர் கண்ட ஒழுங்கு. அவ்வழியெல்லாம் நாம் வீடு கட்டிக்கொண்டோம். மின்சாரம் போயிற்று, கைப்பேசிகள் ஒவ்வொன்றாய் ஊமையாயின.

ஆவடித் தொழிற்சாலைகளையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் நம்பி நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் நம் இறைமக்களுள் பலர். பூவிருந்தவல்லிப் பக்கம் புதிதாய் எழுந்த அடுக்ககங்களில் எதிர்வீட்டார் பெயர் தெரியாது. பங்கின் பதிவேட்டில் குடும்பத்தின் பெயர் இருக்கும். ஆனால் வீட்டுப் பாட்டியால் படியிறங்க முடியாது என்பது பதிவேட்டில் இராது. நம் பங்கில் அதனை அறிந்திருந்தது கரோல் குழு. ஆண்டுதோறும் மத்தளத்தோடும் கிறிஸ்மஸ் தாத்தா வேடத்தோடும் இரவில் வீடு வீடாகச் சென்று, தேநீர் குடித்து, தாளம் தவறிப் பாடும் இளைஞர்கள். அவர்கள் வைத்திருந்த பழைய நோட்டில் எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் கூப்பிட்டால் காது கேளாது என்பதெல்லாம் எழுதப்பட்டிருந்தது. பாடல் பயிற்சி என்று நேரத்தை வீணடிப்பதாக அவர்களைக் குறை சொன்ன பெரியவர்கள் உண்டு.

அந்தப் புதன்கிழமை காலை, இடுப்பளவு நீரில், அந்நோட்டை நெகிழிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர்கள் புறப்பட்டனர். எவரும் அனுப்பவில்லை. முந்தின மாலைப் பயிற்சிக்கு வராத இருவரைத் தேடித்தான் முதலில் சென்றனர். அவர்கள் நலமாய் இருக்கவே, அவர்களையும் சேர்த்துக்கொண்டு நோட்டின் வரிசைப்படி நடந்தனர். தாழ்வான தெரு ஒன்றில் கட்டிலின்மேல் தனியே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், சன்னலருகே அவர்கள் முகங்களைக் கண்டதும், "என்ன தம்பி, இந்த வருசம் கரோலுக்கு இவ்வளவு சீக்கிரமே வந்துட்டீங்க?" என்று கேட்டாராம். அவரை நாற்காலியோடு தூக்கிச் சென்று, இரண்டு தெரு தள்ளி மாடிவீடொன்றில் சேர்த்துவிட்டு, அவர் பெயருக்கு நேரே ஒரு குறியிட்டு, அடுத்த வீட்டுக்குச் சென்றனர்.