ஐபி முகவரியும் சப்நெட் மாஸ்க்கும்

ஐபி முகவரி என்பது இணையத்தில் சேரும் கருவிக்குரிய எண். அந்த எண்ணில் வலையமைப்பின் பகுதி எதுவரை, கணினியின் பகுதி எதிலிருந்து என்று காட்டுவது சப்நெட் மாஸ்க். முகமூடி என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும். அது செய்வது எல்லைக்கல்லின் வேலை.

இதன் வரலாற்றுக்கு ஜொகூரிலேயே ஒரு சான்று உண்டு. ஸ்கூடாயில் தலைமை வளாகம் கொண்ட மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முகவரிகள் 161.139 என்று தொடங்குபவை. 1981இல் வெளியான இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பு, 32 பிட் முகவரிகளை வகுப்புகளாகப் பிரித்தது. ஏ வகுப்பு வலை ஒன்றில் சுமார் 1.68 கோடி முகவரிகள், பி வகுப்பில் 65,536, சி வகுப்பில் 256. முதல் எண் 128 முதல் 191 வரை இருந்தால் பி. ஆகவே 161.139 ஒரு முழு பி வகுப்பு. இடைப்பட்ட அளவு கிடையாது. 300 கணினி வைத்திருப்பவருக்கு சி போதாது, பி கொள்ளை.

ஒரே வளாகத்தில் பல உள்வலைகள் முளைத்தபோது, ஒவ்வொன்றுக்கும் தனி வலை எண் கேட்டால் உலகெங்கும் ரவுட்டர்களின் பட்டியல் வீங்கும். 1984இல் ஜெஃப்ரி மொகல் முன்வைத்து, 1985இல் அவரும் ஜான் போஸ்டலும் நெறிப்படுத்திய தீர்வுதான் சப்நெட். ரப்பர் தோட்டத்து முகவரி போலத்தான்: தோட்டத்தின் பெயர் வெளியாருக்குப் போதும். எந்த லயம் என்பது தோட்டத்துக்குள் உள்ளவர்கள் பார்த்துக்கொள்வது. 255.255.255.0 என்ற மாஸ்க்கை இட்டால் 161.139 தொகுதி 256 லயங்களாகும். ஒவ்வொன்றிலும் 254 கணினிகள். அனுப்பும் பொட்டலத்தில் மாஸ்க் போவதே இல்லை என்பது பலர் கவனிக்காத செய்தி.

கணினி ஒவ்வொரு முறையும் தன் முகவரியையும் எதிராளியின் முகவரியையும் மாஸ்க்கோடு ஒப்பிடும். வலைப்பகுதி ஒன்றானால் நேரே பேசும். வேறானால் ரவுட்டரிடம் கொடுக்கும். 161.139.20.77 என்ற கணினியில் தவறுதலாக 255.255.0.0 என்று பதிந்தால், 161.139.35.9ஐத் தன் லயத்தில்தான் இருப்பதாக நினைத்து நேரே கூப்பிடும், பதில் வராது. வெளிநாட்டுத் தளம் திறக்கும், பக்கத்துக் கட்டட சர்வர் திறக்காது. அனுபவப்பட்டவர் கேபிளைத் தொடும் முன் மாஸ்க்கைத்தான் பார்ப்பார்.

மலேசியாவில் மிமோஸ் ஆய்வு நிறுவனம் 1987இல் ரங்கோம் கணினி வலையையும் 1992இல் ஜாரிங் இணையச் சேவையையும் தொடங்கியது. அதற்கு மறு ஆண்டே, 1993இல், உலகம் வகுப்பு முறையையே கைவிட்டு, 161.139.0.0/16 என்பதுபோல் சாய்கோட்டுக்குப் பின் வலைப்பகுதியின் பிட் எண்ணிக்கையைக் குறிக்கத் தொடங்கியது. எல்லைக்கல்லை எங்கும் நடலாம் என்றானது. உள்வலைக்குள் மட்டும் பயன்படுத்த 1996இல் உறுதியான தனி முகவரிகளால் தாமான் வீடுகளில் எல்லாம் அதே 192.168 திரும்பத் திரும்ப வருகிறது.

ஐபி முகவரிகளை ஒதுக்கும் ஆசிய பசிபிக் பதிவகத்தின் நான்காம் பதிப்பு முகவரி இருப்பு 2011 ஏப்ரல் 15இல் கடைசித் தொகுதிக்கு வந்தது. 2019 முதல் புதிதாகக் கேட்கும் நிறுவனத்துக்கு உச்சவரம்பு 512 முகவரிகள். ஸ்கூடாயின் 65,536 இன்று பதிவகத்திடமிருந்து புதிதாக யாருக்கும் வாய்க்காது. ஆறாம் பதிப்பில் முகவரி 128 பிட்; சப்நெட்டின் வழக்கமான எல்லை /64. 255களின் வரிசை அங்கே இல்லை, சாய்கோடு மட்டும் மிஞ்சியிருக்கிறது.