நள்ளிரவு மணி யாருக்குக் கேட்டது? – தஞ்சைச் சத்திரங்களும் பள்ளிக்கூடச் சோறும்

போன மாசம் பட்டுக்கோட்டையில ஒரு கல்யாணம். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போகும்போது ஒரத்தநாட்டில் இறங்கிவிட்டேன். முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. கல்தூணும் மரவேலையுமாக ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே சுற்றி வந்தேன். "ஏன் சார், கோயிலா இது?" என்று ஒரு பையன் கேட்டான். "இல்லப்பா, ஒரு காலத்துல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாப்பாட்டுக் கூடம் மூணும் இதுதான்" என்றேன். நம்பாத மாதிரி சிரித்துவிட்டுப் போனான்.

அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இந்தக் குறிப்பில் எழுதுகிறேன். கல்வியையும் மருத்துவத்தையும் எல்லாருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று இன்றைக்கு நிறையப் பேசுகிறோம். அந்தக் கேள்விக்கு நம்ம காவிரிப் படுகையிலேயே இருநூறு வருஷத்துக்கு மேல் அனுபவம் இருக்கு. அதில் எது வேலை செய்தது, எது தவறிப்போனது என்று பார்த்தால் போதும்.

1799-ல் நடந்த உடன்படிக்கையில் தஞ்சை ராஜ்ஜியத்தின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது. இரண்டாம் சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டை, வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திரப் பகோடா, நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. அப்போது அவருக்கு இருந்த கவலைகளில் ஒன்று சத்திரங்கள். ராமேஸ்வரம் போகும் வழியில் ஒரத்தநாடு, நீடாமங்கலம், மணமேல்குடி, மீமிசல் என்று கடற்கரை வரைக்கும் இருந்த சத்திரங்கள் அவை. பலவற்றுக்கு அரச குடும்பத்துப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள். ஒவ்வொன்றுக்கும் மானியமாகக் கிராமங்கள் இருந்தன. அந்தக் கிராமங்களும் கம்பெனி கணக்கில் போய்விட்டால் உலையில் அரிசி விழாது.

அதனால் 1801-ல் சரபோஜி ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்லி, இதை விட்டுவிடுங்கள் என்று கேட்கும் கடிதம். அதன் சாரம் இது. வழிப்போக்கர்களுக்குச் சோறு. சமைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்பவர்களுக்கு அரிசியும் சாமானும். நள்ளிரவு வரைக்கும் அன்னதானம், அதற்கப்புறம் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாரும் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். ஒவ்வொரு சத்திரத்திலும் வேதம் சொல்லிக்கொடுப்பவர்கள், ஒரு பள்ளி ஆசிரியர், நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் வைத்தியம் பார்ப்பவர்கள். அங்கே வந்துசேரும் அநாதைப் பிள்ளைகள் ஆசிரியர் பொறுப்பில். மூன்று வேளைச் சோறு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், துணி, மருந்து, விருப்பப்பட்ட படிப்பு. நோயாளிக்கு மருந்தோடு பத்தியச் சாப்பாடு, குணமாகும் வரை கவனிப்பு. பிள்ளைத்தாய்ச்சி வந்தால் பிரசவச் செலவு சத்திரத்தினுடையது. பிறந்த பிறகும் மூன்று மாசம் தங்கிக்கொள்ளலாம்.

கம்பெனி இசைந்தது. சத்திரங்களும் அவற்றின் கிராமங்களும் ராஜாவின் கையிலேயே இருந்தன. ஒரத்தநாட்டுச் சத்திரத்துப் பள்ளியில் தமிழ், தெலுங்கு, மராட்டி, சமஸ்கிருதம், பாரசீகம், ஆங்கிலம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்.

இது ஒரு ராஜா தன் பெருமையைத் தானே எழுதிய கடிதம்தான். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் சரபோஜி வெறும் தர்மப் பிரபு இல்லை. தன்வந்திரி மஹாலில் மருந்துகளைச் சோதித்துப் பார்த்து எழுதிவைக்கச் செய்தவர். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், கண்ணின் படங்களோடு, சரஸ்வதி மஹாலில் இன்றும் இருக்கு. யாருக்கு என்ன வந்தது, என்ன செய்தோம், என்ன ஆச்சு என்று எழுதிவைக்கும் பழக்கம் அது.

அந்தக் கடிதத்தில் நான் கவனிப்பது மூன்று விஷயம். ஒன்று, பள்ளி, வைத்தியம், சோறு மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. இரண்டு, செலவுக்கு நிலையான வருமானம், யாருடைய அன்றைய மனசையும் பொறுத்து இல்லை. மூன்று, வந்தவனுக்குக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தாமல், வராதவனைத் தேடி மணியடிப்பது.

சரி, அந்த மணி யாருக்குக் கேட்டது?

1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ எல்லா ஜில்லாக்களிலும் பள்ளிக் கணக்கு கேட்டார். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து போன பதில் 884 பள்ளிகள், 109 உயர்கல்விச் சாலைகள். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். 67 பேருக்கு ஒருவர் பள்ளியில். அன்றைய உலகத்தில் இது மோசமான எண் இல்லை. ஆனால் பெண்பிள்ளைகள் மிகமிகக் கொஞ்சம். இன்னொரு பக்கம், வயலில் பண்ணையாளாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு மேய்க்க மாடு இருந்தது. சத்திரத்துக்கு நெல் அளந்த கிராமங்களிலும் நாற்று நட்டவர்கள் அவர்கள் குடும்பங்கள்தான். பந்தி சாதிப்படிதான் போட்டார்கள். மணி அடித்தாலும் அவர்கள் எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார இலை கிடையாது.

1855-ல் வாரிசு இல்லை என்று சொல்லிக் கம்பெனி தஞ்சையை எடுத்துக்கொண்டது. சத்திரங்கள் சர்க்கார் பொறுப்புக்கும், பிறகு ஜில்லா போர்டு பொறுப்புக்கும் போயின. கட்டிடம் நின்றது, நிலம் நின்றது, கடிதத்தில் சொன்ன அந்த ஏற்பாடு மெல்லக் கரைந்தது. இத்தனைக்கும் ஜில்லா போர்டுக்குப் பணம் திரட்டத் தெரியாமல் இல்லை. நிலவரியோடு தனி வரி வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரம்–முத்துப்பேட்டை ரயில் பாதையே போட்டார்கள். 1894-ல் திறந்தார்கள். நெல் ஏற்றிப்போக வழி வேண்டும் என்றால் மிராசுதார்கள் வரி கொடுத்தார்கள். நெல் அறுத்தவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று அப்படி ஒரு வரி விழவில்லை. கும்பகோணத்தில் 1854-லேயே தொடங்கிய பள்ளி பிறகு கல்லூரியாக வளர்ந்தது, 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று பேரும் வாங்கியது. அதிலிருந்து சில மைல் தூரத்துப் பண்ணையாள் தெருவில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்கணும்.

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்லியாகணும். அப்பா பிறந்தது 1955, நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பண்ணையாள் தெருவில். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து மூணு வருஷம் ஆகியிருந்தது. சட்டம் வந்தாலும் தாத்தா அதே மிராசு வீட்டு வேலைதான். அப்பாவுக்கு ஆறு வயசில் கிடைத்த உத்தியோகம் மாடு மேய்ப்பது. கூலி, காலையில் ஒரு சொம்பு கஞ்சி.

"அந்தக் கஞ்சிக்குத்தாண்டா மாட்டுக்குப் பின்னாடி போனேன், பள்ளிக்கூடம் கசந்து இல்ல" என்பார் அப்பா.

1956-ல் காமராஜர் அரசு பள்ளிக்கூடங்களில் மதிய உணவைப் பரப்ப ஆரம்பித்தது. சென்னை மாநகராட்சி 1920-லேயே ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய ஏற்பாடுதான், இப்போது கிராமத்துக்கு வந்தது. ஊர்க்காரர்கள் அரிசி, விறகு, காசு கொடுக்கணும், அரசும் பணம் கொடுக்கும். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். 1961-லிருந்து கேர் அமைப்பு மூலம் அமெரிக்காவிலிருந்து உணவுப் பொருளும் பால் பவுடரும் வந்தன. நெல் விளையுற ஊரில் நெல் அறுத்தவன் பிள்ளை, கப்பலில் வந்த கோதுமையில் கிண்டிய உப்புமாவைச் சாப்பிட்டுப் படித்தான். அப்பா அப்படித்தான் பள்ளிக்கூடம் போனார். பாட்டி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்: மாடு மேய்த்தால் ஒரு சொம்பு கஞ்சி, பள்ளிக்கூடம் போனால் ஒரு தட்டு சோறு. சரிக்குச் சரி. அப்போ படிக்கட்டும்.

அந்தத் தட்டிலும் மரியாதை முழுசாக இல்லை. எங்க தெருப் பிள்ளைகளை ஓரமாகத் தனி வரிசையில் உட்காரவைத்தார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஊர் கொடுக்கும் அரிசியை நம்பியிருந்ததால் அறுவடை பொய்த்தால் அடுப்பும் அணையும். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோனது இந்தப் படுகையில்தான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதில் வளர்ந்த பகை அது. சோற்றுக்கும் மரியாதைக்கும் நடந்த சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு இந்த ஊரின் கல்வி வரலாற்றை எழுத முடியாது.

1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது திருச்சி பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில். தஞ்சாவூர் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர். அதிலிருந்து செலவு அரசின் பட்ஜெட்டில். மிராசுதாரின் மனசை நம்பி உலை வைக்கவேண்டிய அவசியம் போனது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ல் நாகப்பட்டினம் மாவட்டத் திருக்குவளைப் பள்ளியிலிருந்து சுமார் 31,000 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அப்பா மாட்டுக்குப் பின்னால் ஓடிச் சம்பாதித்த அந்தக் காலைக் கஞ்சி, அறுபது வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கே வந்துசேர்ந்தது.

மருத்துவத்திலும் இதே கதைதான். தஞ்சாவூரில் ராசா மிராசுதார் மருத்துவமனை இருக்கு, யார் பணம் என்று பேரே சொல்லும். 1959-ல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆனால் நடவுக்குப் போகும் பெண் விடியக்காலையில் வயலில் இறங்கணும், ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குவதும் காலையில்தான். ஒரு நாள் வைத்தியத்துக்கு ஒரு நாள் கூலி போகும். வைத்தியம் இலவசம் என்றாலும் அவளுக்கு அது இலவசம் இல்லை.

இந்த இடைவெளியை அடைத்தவை சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். 1987-ல் வந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, பிரசவ காலத்தில் இழக்கும் கூலியைக் கொஞ்சமாவது ஈடுகட்டியது. சத்திரத்தின் மூன்று மாசக் கவனிப்புக்கு அதுதான் இன்றைய உருவம். 1994-ல் அமைத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தேவை என்று ஆஸ்பத்திரியே எடுத்துக்கொள்ளும், கணக்கும் எழுத்தில் இருக்கும். பிறகு ராஜஸ்தான் போன்ற மாநிலங்களும் இந்த வழியைப் பின்பற்றின. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எங்க அத்தைக்கு முட்டிவலி. இரண்டு பஸ் மாறி மாத்திரை வாங்கப் போவதை நிறுத்தியே வைத்திருந்தார். இப்போ திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்துக்கொள்கிறார். "ஆஸ்பத்திரி என்னத் தேடி வருதுடா" என்று அவருக்குப் பெருமை.

இதிலிருந்து நடைமுறைக்கு நான் எடுத்துக்கொள்வது நாலு. புதுக் கட்டிடம் கட்டுமுன், அங்கே வரவேண்டியவன் வருவதற்காக எதை இழக்கிறான் என்று பார்க்கணும். கூலியா, கஞ்சியா, பஸ் காசா? முதலில் அதை ஈடுகட்டணும். இரண்டாவது, செலவுக்கு நன்கொடையை நம்பாத நிலையான வருமானம் வேணும். சத்திரத்துக்குக் கிராமம் இருந்த மாதிரி, ரயிலுக்கு வரி இருந்த மாதிரி. மூன்றாவது, வந்தவர்களின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் வராதவர்களையும் எண்ணணும். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை நின்றுவிட்டது, எந்த வீட்டில் மாத்திரை நின்றுபோனது என்று எழுதிவைக்கணும். நாலாவது, ஒரே பந்தி. தனி வரிசை போட்டால் சோறு போய்ச் சேரும், பிள்ளை மனசால் வெளியிலேயே நிற்கும்.

கல்யாணத்துக்கு நேரமாகி நான் கிளம்பும்போது அந்தப் பையன் திரும்ப வந்தான், கையில் சைக்கிளோடு. "காலைல பள்ளிக்கூடத்துல என்ன சாப்பாடு?" என்று கேட்டேன். "பொங்கல் சார். ரெண்டு தடவ வாங்கினேன்." யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்பதற்குள் அவனே சொன்னான்: "கடைசியா அக்கா, இன்னும் யாருக்குடா வேணும்னு கேட்டாங்க. நாந்தான் மொதல்ல கை தூக்கினேன்."