வழி சொல்லும் குரல்கள்

எங்கள் குடியிருப்பில் பார்வையற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். வங்கி ஊழியர். தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை தினமும் மின்சார ரயிலில் போய்வருபவர். ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, வழி சொல்ற ஆப் நல்லதா ஒண்ணு சொல்லு. பழகி முடிக்கறதுக்குள்ள கடைய மூடிட்டுப் போறதா இருக்கக்கூடாது."

மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு இது பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன். அன்றிரவே ஐந்து செயலிகளின் வசதிகளையும் விலையையும் தொகுத்து அனுப்பினேன். காலையில் குரல்செய்தி வந்தது. "எல்லாம் சரி. இதுல எது ரெண்டு வருஷம் கழிச்சும் இருக்கும்?" அதற்கு என் அட்டவணையில் பத்தியே இல்லை. பதில் தேடிப் பழைய கதைக்குள் போனேன்.

கதை கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. சாண்டா பார்பரா பல்கலைக்கழக வளாகத்தில் ரெஜினால்ட் கோலெட்ஜ் என்ற புவியியலாளர் இருந்தார். மனிதர்கள் தாங்கள் வாழும் ஊரை மனதுக்குள் எப்படி வரைந்து வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. 1984இல் அவருக்குப் பார்வை போனது. வரைபடங்களோடு வாழ்ந்தவருக்கு வரைபடத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. அடுத்த ஆண்டு, அதே வளாகத்தின் உளவியலாளர் ஜாக் லூமிஸ், செயற்கைக்கோளையும் கணினி வரைபடத்தையும் இணைத்துப் பார்வையற்றவருக்கு வழிகாட்டும் யோசனையை எழுதினார். ராபர்ட்டா கிளாட்ஸ்கியும் அவர்களோடு சேர்ந்தார். 1993 வாக்கில் உருவான அவர்களுடைய கருவியை முதுகுப்பையில்தான் சுமக்க முடியும். ஆனால் அதன் அடிப்படை எண்ணம் அழகானது. "வலதுபக்கம் திரும்பு" என்று கட்டளையிடுவதோடு நிற்காமல், அந்த இடத்தின் பெயர் அந்த இடத்திலிருந்தே ஒலிப்பதுபோல் ஹெட்போனில் கேட்கும். காது காட்டும் திசையில் கால் போகும்.

யோசனை இருந்தும் வானம் ஒத்துழைக்கவில்லை. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறிப்பலையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. இருக்கும் இடம் நூறு மீட்டர் வரை தவறாகத் தெரியலாம். நெடுஞ்சாலையில் கார் ஓட்டுபவர் சமாளித்துவிடுவார். நடப்பவருக்கு நூறு மீட்டர் என்பது வேறொரு தெரு. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். இரண்டே ஆண்டுகளில், சிறுவயதில் பார்வையிழந்த மைக் மே தொடங்கிய செண்டெரோ நிறுவனத்தின் ஜிபிஎஸ் வசதி, பிரெய்ல்நோட் என்ற சிறு கணினியில் வந்தது. விலையோ சாமானியர் கைக்கு எட்டாதது.

பிறகு செல்பேசிகள். சிம்பியன் நோக்கியாக்களில் லோட்ஸ்டோன் என்ற இலவசச் செயலி ஓடியது. பார்வையற்ற நிரலாளர்களே எழுதியது. பயன்படுத்துபவர்கள் தாங்கள் நடந்த இடங்களைக் குறித்து ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள். சிம்பியன் மறைந்தபோது லோட்ஸ்டோனின் காலமும் முடிந்தது.

2009இல் ஐபோன் 3ஜிஎஸ் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பானோடு வந்தது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, போனிலேயே இருந்தது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டுக்கு டாக்பேக் வந்தது. 2012இல் ஃபின்லாந்தின் இல்க்கா பிர்ட்டிமா உருவாக்கிய பிளைண்ட்ஸ்கொயர், ஃபோர்ஸ்கொயர், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவுகளை வைத்து, சுற்றியுள்ள கடைகளையும் சந்திப்புகளையும் சொல்லியது. 2018இல் மைக்ரோசாஃப்ட்டின் சவுண்ட்ஸ்கேப் வந்தது. போக வேண்டிய இடத்தில் ஓர் ஒலிக்கலங்கரை. அந்தத் திசையிலிருந்து தாளம் கேட்டுக்கொண்டே இருக்கும். சாண்டா பார்பராவின் முதுகுப்பை யோசனை சட்டைப்பைக்கு வந்துவிட்டது.

2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. சேவை அந்த ஆண்டின் நடுப்பகுதி வரைதான் ஓடும் என்றார்கள். ஆனால் போகும்போது நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டுப் போனார்கள். அதிலிருந்து வாய்ஸ்விஸ்டாவும் சவுண்ட்ஸ்கேப் கம்யூனிட்டியும் முளைத்தன. லோட்ஸ்டோனுக்கு நிரல் இருந்தும் தளம் மிஞ்சவில்லை. சவுண்ட்ஸ்கேப்புக்கு முதலாளி போனாலும் நிரலும் தளமும் மிஞ்சின. அண்ணன் கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

நாங்கள், எழுதுகிறவர்கள், ஒரு சேவையை நிறுத்துவதை ஒரு கூட்டத்தில் முடிவு செய்கிறோம். பயனர் எண்ணிக்கை குறைவு, பராமரிப்புச் செலவு அதிகம், அவ்வளவுதான் பேச்சு. எதிர்முனையில் ஒருவர் தனியாக நடந்துபோன ஒரு தெரு அன்றோடு அவருக்கு மூடப்படுகிறது.

அட்டவணையைக் கிழித்துவிட்டுக் கேள்விகளை மட்டும் அனுப்பினேன். இதை நிறுத்தினால் வேறு யாராவது எடுத்து நடத்த முடியுமா? நான் குறித்துவைத்த இடங்களைக் கோப்பாக வெளியே எடுக்கலாமா? இணையம் இல்லாத சந்தில் என்ன ஆகும்? போன் பாக்கெட்டில் இருக்கும்போதும் பேசுமா? காதை அடைக்காமல் கேட்க முடியுமா? வண்டிச் சத்தம் கேட்காவிட்டால் எந்தச் செயலியும் காப்பாற்றாது.

அண்ணன் இரண்டு செயலிகளைப் போட்டுக்கொண்டார். ஒன்று போனால் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை இருவருமாக மருந்துக்கடை வரை நடந்தோம். ஆங்கிலக் குரல் தெருப்பெயரைக் கடித்துத் துப்பியது, அவர் சிரித்தார். பிறகு "வந்துவிட்டோம்" என்றது. கடை சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தது. திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் பிசகலாம், கட்டடங்கள் நெருங்கினால் குறிப்பலை சுவரில் பட்டுத் திரும்பி இன்னும் தள்ளிக் காட்டும் என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"தெரியும் தம்பி," என்றார், கோலால் நடைபாதை விளிம்பைத் தட்டிக்கொண்டே. "கடைத்தெரு வரைக்கும் அது கூட்டிட்டு வரட்டும். அந்தக் கடைசிப் பத்தடி எப்பவும் என்னோடதுதான்."