எழும்பூர்த் தீர்ப்பில் கவனிக்கப்படாத எதிர்வாதம்

இணையவழிப் பாலியல் அழைப்புக் குற்றச்சாட்டுகளில் எதிர்வாதம் எப்படி வளர்ந்தது என்று எழுத உட்காரும் எவரும் எழும்பூரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. சுஹாஸ் கட்டி வழக்கு என்று சட்ட மாணவர்கள் அறிந்த வழக்கு அது. மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசப் பதிவுகள் வந்தன. அவர் பெயரிலேயே பொய்யான மின்னஞ்சல் கணக்கு ஒன்றும் தொடங்கப்பட்டது. அவரே ஆண்களை அழைப்பதாக நம்பிப் பலர் தொலைபேசியில் தொல்லை கொடுத்தார்கள். 2004 பிப்ரவரியில் புகார். நவம்பர் 5 அன்று கூடுதல் தலைமைப் பெருநகர நடுவர் மன்றத்தில் சுஹாஸ் கட்டிக்குத் தண்டனை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் இரண்டாண்டுக் கடுங்காவலும் 4,000 ரூபாய் அபராதமும். இந்திய தண்டனைச் சட்டம் 469, 509 பிரிவுகளில் தனித்தனித் தண்டனைகள். அனைத்தையும் ஏககாலத்தில் அனுபவிக்க உத்தரவு.

இந்த வழக்கைப் பரவலாக அறியச் செய்தவர் நாவி என்ற பெயரில் எழுதும் சைபர் சட்ட ஆலோசகர் விஜயசங்கர். வழக்கில் நிபுணர் சாட்சியும் அவரே. அவர் வாசிப்பில் இது மின்னணு ஆவணங்களுக்கான, இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் முதன்முதலாக நீதிமன்றத்தில் நின்று வென்ற வழக்கு. இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்து அச்செடுத்தவரே சான்றிதழில் கையெழுத்திடத் தகுதியானவர் என்ற அவருடைய நெடுநாள் வாதத்துக்கும் எழும்பூர் பொருத்தமான முன்னுதாரணம். அவர் வரைந்த சித்திரத்தையே பாடநூல்கள் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டன.

அந்தச் சித்திரத்தில் ஒரு கணக்கு இடிக்கிறது. எஃப்.ஐ.ஆர். பதிவான ஏழு மாதங்களில் தண்டனை கிடைத்தது என்று வழக்கின் சுருக்கங்கள் சொல்கின்றன. புகார் பிப்ரவரி, தீர்ப்பு நவம்பர் 5. பிப்ரவரியின் கடைசி நாளிலிருந்து எண்ணினாலும் எட்டு மாதம் தாண்டிவிடுகிறது. குற்றப்பத்திரிகை தாக்கலான மார்ச் 24இலிருந்து எண்ணினால்தான் ஏழு மாதமும் சில நாட்களும் வரும். புகார் வந்த சில நாட்களிலேயே மும்பையில் கைது நடந்துவிட்டதால், எஃப்.ஐ.ஆர். மார்ச் கடைசிக்குத் தள்ளிப் போயிருக்க வழியில்லை. யாரோ ஒருவர் குற்றப்பத்திரிகைத் தேதியை எஃப்.ஐ.ஆர். தேதியாக எழுதி, அடுத்தவர்கள் படியெடுத்திருக்கலாம். சிறிய பிழைதான். ஆனால் வழக்கின் வேகத்தைக் கொண்டாடுவதில் இருந்த அக்கறை வழக்கில் என்ன வாதிடப்பட்டது என்பதில் இல்லை என்பதற்கு அது அடையாளம்.

வாதிடப்பட்டது இரண்டு. ஒன்று, ஆவணங்களில் சில 65பி பிரிவின்படி செல்லாது. மற்றது, அந்த அஞ்சல்களை அனுப்பியது முன்னாள் கணவராக இருக்கலாம், அல்லது தன்னை மணக்க மறுத்த குற்றம்சாட்டப்பட்டவரைச் சிக்கவைக்கப் புகார்தாரரே அனுப்பியிருக்கலாம். இரண்டாவது வாதம் கேட்பதற்குக் கசப்பானது. நீதிமன்றம் அதை நிராகரித்தது, சரியாகவே நிராகரித்தது. ஆனால் எதை வைத்து என்பதே கேள்வி.

சான்றிதழ் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இந்தப் பக்கம் இந்த நாளில் இப்படித் தெரிந்தது. விசைப்பலகையின் முன் இருந்தது யார் என்று அது சொல்லாது. நிபுணர்களோடு பிரவுசிங் சென்டர் உரிமையாளர்களின் சாட்சியத்தையும் நீதிமன்றம் சார்ந்து நின்றது. ஆகவே எதிர்வாதத்தின் முக்கியமான கேள்விக்கு விடை தந்தது ஆளை அடையாளம் காட்டும் பழைய பாணிச் சாட்சியமே என்று கொள்வது பொருத்தம். சுருக்கங்களை மட்டும் வைத்து இதை அறுதியிட முடியாது என்பது உண்மை. எனினும் சான்றிதழ் தனியாக நின்றிருந்தால் அந்த வாதத்தை அசைத்திருக்காது.

நாவியின் பக்கமும் நியாயம் உண்டு. யாஹூவின் சர்வரை நிர்வகிப்பவர் அமெரிக்காவிலிருந்து எழும்பூருக்கு வந்து கையெழுத்திடப் போவதில்லை. பார்த்தவர் சான்றளிப்பதைத் தவிர அன்றைக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

தோற்றுப்போன முதல் வாதம் பத்தாண்டில் உயிர்பெற்றது. சான்றிதழ் இல்லாமலும் சாட்சியம் செல்லும் என்று 2005இல் நவ்ஜோத் சாந்து வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2014இல் அன்வர் வழக்கில் அதை மாற்றியது. கணினிப் பொறுப்பாளரின் வாய்மொழிச் சாட்சியம் சான்றிதழுக்கு ஈடாகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ராமஜெயம் வழக்கில் எடுத்த நிலையும் 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பில் தள்ளப்பட்டது. மூலக் கருவியோடு உரிமையாளரே கூண்டேறினால் மட்டும் சான்றிதழ் வேண்டாம்.

இரண்டாவது வாதத்தின் கதை வேறு. அதைப் பார்க்கக் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களின் சட்டங்களுக்கு வர வேண்டும். குழந்தைகளை இணையத்தில் வலைவீசி இழுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு 2009 அக்டோபர் 27 முதல் குற்றமாக்கியது. 2012இன் போக்சோ சட்டம் 11ஆம் பிரிவில், பாலியல் நோக்கத்தோடு மின்னணு வழியில் குழந்தையைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைச் சேர்த்தது. அதற்கு மூன்றாண்டு வரை சிறை. இங்கே சுமை இடம் மாறுகிறது. 30ஆம் பிரிவின்படி குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று குற்றம்சாட்டப்பட்டவர் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்.

இதனால் எதிர்வாதமே முடிந்துவிட்டது என்று பலர் பேசுகிறார்கள். சட்டத்தைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. செயலையே செய்ததாக அனுமானிக்கும் 29ஆம் பிரிவு 3, 5, 7, 9 ஆகிய பிரிவுகளோடு நின்றுவிடுகிறது; 11ஐத் தொடவில்லை. நோக்கம் அனுமானிக்கப்படும், அனுப்பியது யார் என்பது அனுமானிக்கப்படாது. அம்பத்தூர் காவல் நிலையத்தில் தொடங்கிய ஹரிஷ் வழக்கு அழைப்பு வழக்கல்ல, குழந்தைகளின் ஆபாசக் காட்சிகளைக் கைப்பேசியில் சேமித்து வைத்த வழக்கு. 2024 ஜனவரி 11 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் மீட்டது. அங்கும் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் காட்டிய பிறகே அனுமானம் வரும் என்றுதான் சொல்லப்பட்டது. 2004இல் ஏளனத்துக்குரியதாகத் தோன்றிய ‘நான் அனுப்பவில்லை’ என்ற வாதம், நோக்கம் பற்றிய வாதம் குறுகிவிட்ட இன்று முன்னைவிடக் கனமாகியிருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தில் 65பியின் இடத்துக்கு வந்த 63ஆம் பிரிவு, சான்றிதழை இரண்டு பகுதியாக்கியது: ஒன்று தாக்கல் செய்பவருக்கு, மற்றது நிபுணருக்கு. கருவியின் தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண், ஐ.எம்.இ.ஐ. எண், ஹாஷ் மதிப்பு என்று கட்டங்கள் நீள்கின்றன. கருவியைத் தட்டியவர் யார் என்பதற்குக் கட்டம் கிடையாது. மயிலாப்பூர் காமராஜர் சாலையில் உள்ள தடய அறிவியல் துறையின் அறிக்கை கைப்பேசிக்குள் இருப்பதைச் சொல்லும். அது அன்றிரவு யார் கையில் இருந்தது என்பதை அடையாற்றிலோ தி. நகரிலோ உள்ள ஒரு வீட்டாரோ, அறைத் தோழரோதான் கூண்டேறிச் சொல்ல வேண்டும்.

சட்டக் கல்லூரிகள் எழும்பூர் வழக்கைச் சுருக்கமாக மட்டும் கற்பிப்பதை நிறுத்திவிட்டு, பிரவுசிங் சென்டர் சாட்சிகளின் குறுக்கு விசாரணையோடு சேர்த்துப் பாடமாக வைக்கட்டும்.