எம்பிஏ பட்டமா, பிஜிடிஎம் பட்டயமா? மேலாண்மை முதுநிலைப் படிப்பில் சேரும் முன் அறிய வேண்டியவை

பல்கலைக்கழகங்கள் வழங்கும் எம்பிஏ பட்டத்தையும், தனி நிறுவனங்கள் வழங்கும் பிஜிடிஎம் எனப்படும் முதுநிலைப் பட்டயத்தையும் தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே தகுதியாகவே கருதுகின்றன. ஆனால், சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு வேறு. முனைவர் பட்ட ஆய்வுக்கோ கல்லூரி ஆசிரியர் பணிக்கோ விண்ணப்பிக்கும்போது இந்த வேறுபாடு முக்கியத்துவம் பெறுகிறது.

பட்டம் வழங்கும் உரிமை

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டம் 1956-இன் 22-ஆவது பிரிவின்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றச் சட்டத்தால் தனி அதிகாரம் பெற்ற நிறுவனங்கள் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்க முடியும்.

இதன் காரணமாக, 1961-இல் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கப்பட்ட ஐஐஎம்கள்கூடப் பல ஆண்டுகள் பட்டயமே வழங்கி வந்தன. ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி 31-இல் நடைமுறைக்கு வந்த பிறகே அவை பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்றன. தில்லி பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் புலமோ 1954-லேயே தொடங்கப்பட்டது.

என்ன படிக்கலாம்?

இரண்டாண்டு எம்பிஏ படிப்பில் நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், உற்பத்தி மேலாண்மை ஆகியவை இடம்பெறுகின்றன. மேலாண்மை அறிவியலின் அடித்தளம் புள்ளியியலும் செயல்பாட்டு ஆய்வும் ஆகும். எத்தனை லாரிகளை எந்த வழியில் அனுப்பினால் செலவு குறையும், கிடங்கில் எவ்வளவு சரக்கு இருப்பு வைக்க வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு இது கணித முறையில் விடை காண்கிறது. கணித ஆர்வம் உள்ளவர்களுக்கு, தில்லி பல்கலைக்கழகத்தில் செயல்பாட்டு ஆய்வுக்கெனத் தனித் துறையே உள்ளது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனம், பொறியியல் பட்டதாரிகளுக்கு மேலாண்மையில் முதுநிலைப் படிப்பை நடத்துகிறது.

சேர்க்கை முறை

ஐஐஎம்கள் ஆண்டுதோறும் நடத்தும் கேட் தேர்வை எழுத, பொதுப் பிரிவினர் இளநிலைப் பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண்ணும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் 45 சதவீத மதிப்பெண்ணும் பெற்றிருக்க வேண்டும். மொழித்திறன், தரவு விளக்கம், கணிதத்திறன் என மூன்று பகுதிகளில் வினாக்கள் அமையும். தில்லி பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் புலமும் கேட் மதிப்பெண்ணை ஏற்கிறது. தமிழ்நாட்டில் எம்பிஏ சேர்க்கைக்கான டான்செட் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது.

கட்டணம் செலுத்தும் முன்

* சான்றிதழை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டறிய வேண்டும். கல்வி நிறுவனத்தின் பெயரில் 'பல்கலைக்கழகம்' என்ற சொல் இருப்பது மட்டும் போதாது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி தனது இணையதளத்தில் வெளியிடுகிறது.

* பட்டயப் படிப்பு எனில், அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏஐசிடிஇ) ஒப்புதல் உள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வில் சேர எண்ணுவோர், அப்பட்டயத்தை எம்பிஏவுக்கு நிகராக இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் ஏற்றுள்ளதா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

* தொலைநிலை அல்லது இணையவழிப் படிப்பு எனில், அந்தக் கல்வியாண்டுக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் அனுமதி உள்ளதா என்று பார்க்க வேண்டும். அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்கள் இம்முறைகளில் வழங்கும் பட்டங்கள், நேரடி வகுப்பில் படித்துப் பெறும் பட்டங்களுக்கு இணையானவை என யுஜிசி அறிவித்துள்ளது.