வடிகால் குழாய் விதிகளின் வரலாறு

கட்டடத்துக்குள் நல்ல தண்ணீரைக் கொண்டுவரும் குழாய்களும், கழிவுநீரை வெளியேற்றும் குழாய்களும் என்ன விட்டத்தில், எந்தச் சரிவில், எந்த முறையில் பொருத்தப்பட வேண்டும் என்பதை வரையறுக்கும் விதிகள் குழாய்ப்பணித் தரநிலைகள் எனப்படும். ஆங்கிலத்தில் இவற்றைப் பிளம்பிங் கோடு என்பர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இவை திருத்தப்படுகின்றன. திருத்தங்கள் பலவற்றின் பின்னால் ஒரு நோய்ப்பரவலும் அதில் இறந்தவர்களும் உள்ளனர்.

வளைகுழாயும் நீரடைப்பும்

கைகழுவும் தொட்டியின் அடியில் குழாய் ஒருமுறை கீழே வளைந்து மீண்டும் மேலேறிச் செல்வதைக் காணலாம். அந்த வளைவில் எப்போதும் சிறிது தண்ணீர் தங்கி நிற்கும். சாக்கடையின் வாயுவும் பூச்சிகளும் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். இதை நீரடைப்பு எனலாம். இன்றைய விதிகள் பெரும்பாலும் இதன் ஆழம் குறைந்தது 50 மி.மீ. இருக்க வேண்டும் என்கின்றன. இலண்டனில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக் கடிகாரத் தொழிலாளர் அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் காப்புரிமை பெற்ற கழிப்பறைக் கோப்பையில் இந்த வளைவு இடம்பெற்றது.

கழிப்பறைகள் பெருகப் பெருக இலண்டனின் கழிவு முழுவதும் தேம்ஸ் ஆற்றில் கலந்தது. 1858 கோடையில் எழுந்த பெருநாற்றம் ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றத்தையே நிலைகுலையச் செய்தது. அதன்பின் பொறியாளர் ஜோசப் பசல்கெட்டின் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. ஆனால் தெருவில் சாக்கடை வந்ததால் வீட்டுக்குள் இருந்த குழாய்கள் சீராகிவிடவில்லை. 1871இல் இளவரசர் எட்வர்டு ஸ்கார்பரோவில் ஒரு மாளிகையில் தங்கித் திரும்பியபின் குடற்காய்ச்சலில் விழுந்து சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார். உடன் தங்கியிருந்த செஸ்டர்ஃபீல்டு பிரபுவும் இளவரசரின் குதிரைப் பணியாளரும் இறந்தனர். மாளிகையின் வடிகால் மீது பழி விழுந்தது. அரச குடும்பத்துக்கே இந்த நிலை என்றதும் வசதி படைத்தோர் தங்கள் வீட்டுக் குழாய்களைச் சோதிக்கத் தொடங்கினர்.

சாக்கடை வாயுவே குடற்காய்ச்சலைத் தருகிறது என்று அன்று பலர் நம்பினர். அது தவறு, அந்நோய் மாசுபட்ட நீராலும் உணவாலும் பரவுவது. எனினும் ஒவ்வொரு தொட்டிக்கும் வளைகுழாய், கூரைக்கு மேல் திறக்கும் காற்றுக்குழாய் என்று அந்த அச்சத்திலிருந்து பிறந்த விதிகள் நல்லவையாகவே அமைந்தன. காற்றுக்குழாயின் தேவை எளிதில் விளங்கக்கூடியது. மாடியிலிருந்து தண்ணீர் திரளாக இறங்கும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. கீழ்த்தளத்து வளைவில் நிற்கும் தண்ணீரை அது உறிஞ்சி இழுத்துவிடும். குழாய்க்குள் வெளிக்காற்று வர வழி இருந்தால் நீரடைப்பு நிலைத்திருக்கும்.

ராய் ஹண்டரின் கணக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நகரத்துக்கு நகரம் விதி வேறுபட்டது. ஓர் ஊரில் கட்டாயமான குழாய் அடுத்த ஊரில் தடைசெய்யப்பட்டிருக்கும். வணிகத்துறைச் செயலாளராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் (பின்னாளில் குடியரசுத் தலைவர்) வீடு கட்டும் செலவைக் குறைக்க ஒரு குழுவை அமைத்தார். 1920களில் வெளிவந்த அதன் பரிந்துரைகள் ஹூவர் விதிகள் என்று பெயர் பெற்றன. அவற்றுக்கான சோதனைகளைத் தேசியத் தரநிலை நிறுவனத்தில் செய்தவர் ராய் ஹண்டர்.

ஹண்டருக்கு முன் குழாயின் விட்டத்தைப் பிளம்பரின் அனுபவமே முடிவு செய்தது. அவர் ஒரு கைகழுவும் தொட்டி வெளியேற்றும் நீரை, நிமிடத்துக்கு ஒரு கன அடி, அதாவது சுமார் 28 லிட்டர் என்று கொண்டு, அதை ஓர் அலகாக வைத்தார். கழிப்பறைக்கு 6 அலகுகள். கட்டடத்தின் அலகுகளைக் கூட்டினால் குழாயின் அளவு அட்டவணையில் கிடைக்கும்.

1940இல் அவர் வெளியிட்ட அறிக்கை நீர்வரத்துக் குழாய்களுக்கும் இதே வழியைக் காட்டியது. அதன் அடிப்படை நிகழ்தகவு. பரபரப்பான நேரத்தில் ஒரு கழிப்பறை 5 நிமிடத்துக்கு ஒருமுறை 9 விநாடிகள் தண்ணீர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏதேனும் ஒரு கணத்தில் அது இயங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு 3 விழுக்காடு. 100 கழிப்பறைகள் உள்ள கட்டடத்தில் சராசரியாக 3 ஒரே கணத்தில் இயங்கும். எட்டுக்கு மேல் இயங்க வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே எட்டுக்குத் தாங்கும் குழாய் போதும்; நூறுக்கும் சேர்த்து வாங்குவது வீண். இவ்வளவு எளிய எண்ணம் அதற்கு முன் எந்த விதிநூலிலும் இந்த வடிவில் இல்லை என்பது வியப்புக்குரியது.

சிகாகோ, 1933

உலகக் கண்காட்சி நடந்த ஆண்டு. அடுத்தடுத்து இருந்த இரண்டு பெரிய விடுதிகளில் தங்கியவர்களுக்கு அமீபா வயிற்றுக்கடுப்பு கண்டது. நோய் வெளிப்படுமுன் பலர் ஊர் திரும்பிவிட்டதால், நாடெங்கும் உள்ள மருத்துவர்கள் அதைக் குடல்வால் அழற்சி என்றும் வேறு நோய் என்றும் கருதிச் சிகிச்சை செய்தனர். கேளிக்கைக் கலைஞர் டெக்சஸ் கைனன் அந்த நவம்பரில் வான்கூவரில் இறந்தார். மொத்தம் 1,409 பேர் பாதிக்கப்பட்டு 98 பேர் உயிரிழந்ததாகப் பதிவாகியுள்ளது.

விசாரணையில் பழைய குழாய்களின் சிக்கல் வெளிப்பட்டது. கழிவுநீர்க் குழாய்க்கும் குடிநீர்க் குழாய்க்கும் இடையே குறுக்கிணைப்புகள் இருந்தன. குடிநீரைக் குளிர்விக்கும் தொட்டிக்கு மேலேயே கசியும் கழிவுக்குழாய் சென்றது. குளியல் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் குழாய்வாய் கூட ஆபத்தானது: கீழே யாரேனும் அதிகத் தண்ணீர் எடுத்து அழுத்தம் குறைந்தால், தொட்டியின் அழுக்குநீர் நல்ல தண்ணீர்க் குழாய்க்குள் பின்னோக்கி இழுக்கப்படும்.

இதற்குத் தீர்வு செலவில்லாத ஒன்று: இடைவெளி. குழாயின் வாய் தொட்டியின் விளிம்புக்கு மேலே, தன் விட்டத்தைப் போல் இரு மடங்கு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவிதியாயிற்று. 1940களில் அமெரிக்கத் தரநிலைகளில் இது இடம்பெற்றது. இன்று பக்கெட்டுக்குள் ரப்பர் குழாயை அமிழ்த்திவிட்டுத் தண்ணீர் பிடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதுவும் இந்த விதியின் மீறலே.

ஹாங்காங், 2003

சார்ஸ் பரவியபோது கவுலூனில் உள்ள அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கு மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டது. ஈ பிளாக்கில் பாதிப்பு மிகுதி. 33 மாடிகள், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த குளியலறைகள் ஒரே செங்குத்துக் கழிவுக்குழாயுடன் இணைந்திருந்தன. குளியலறைத் தரையில் வளைகுழாய் இருந்தது, விதிப்படிதான் இருந்தது. ஆனால் மக்கள் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்து வந்ததால் வளைவில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. காற்றிழுக்கும் மின்விசிறியைப் போட்டதும் குழாயிலிருந்த நுண்துளிகள் அறைக்குள் வந்தன என்று விசாரணை முடிவு கூறியது. வளைகுழாயைப் பொருத்தினால் மட்டும் போதாது, அதில் நீர் வற்றாதிருக்கவும் வழி செய்ய வேண்டும் என்பது இதனால் முதன்மை பெற்றது. கைகழுவும் தொட்டியின் கழிவுநீரைத் தரைவளைவு வழியாகவே விடும் அமைப்பு ஒரு வழி.

தமிழ்நாட்டு பிளம்பர்கள் இந்தத் தரைவளைவை நஹானி டிராப் என்பர். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் குளியலறையில் வீசும் நாற்றம் அது வற்றியதன் அடையாளம். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும்.

இந்தியாவிலும் பிறகும்

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் வெளிவந்து 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இதன் ஒன்பதாம் பகுதி குழாய்ப்பணிக்கு உரியது. கட்டட அனுமதியைத் தருவது மாநில, உள்ளாட்சி அமைப்புகள் என்பதால், அவை ஏற்கும் அளவுக்கே இந்தப் பரிந்துரைகள் நடைமுறைக்கு வருகின்றன.

ஹண்டரின் அட்டவணைகளுக்கும் இப்போது வயதாகிவிட்டது. அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் கழிப்பறையின் ஒருமுறை நீர் அளவை 13 லிட்டரிலிருந்து 6 லிட்டராகக் குறைத்தது. பழைய கணக்கில் போட்ட குழாய் இன்றைய பயன்பாட்டுக்கு மிகப் பெரியது. அதில் நீர் நகராமல் தேங்கி, லெஜியோனெல்லா போன்ற நுண்ணுயிரிகள் வளர இடமாகிறது. வெளியேற்றும் நீர் குறைந்ததால் கிடைமட்டக் குழாயில் திடக்கழிவு நகராமல் நிற்பதும் கவலையாயிற்று. 2018ஆம் ஆண்டு அமெரிக்கச் சீர்மைக் குழாய்ப்பணி விதிநூலின் பின்னிணைப்பில், வீடுகளில் உண்மையாகப் பதிவான பயன்பாட்டுத் தரவுகளைக் கொண்டு உருவான புதிய கணக்கீட்டு முறை சேர்க்கப்பட்டது. அது குடியிருப்புகளுக்கு மட்டுமே உரியது. மருத்துவமனை, விடுதி, பள்ளி ஆகியவற்றுக்கு அந்நூல் ஹண்டரின் வழியிலேயே அளவு பார்த்தது.