முத்திரையும் பாடாந்தரமும்

காவிரிக் கரையில் ஒரு வாக்கேயக்காரர் (சொல்லும் மெட்டும் தாமே அமைப்பவர்) மறைந்த பிறகு அவர் பெயரில் வெளிவரும் பாட்டு உண்மையில் அவருடையதுதானா என்ற வழக்கு, இசைத்தட்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. சியாமா சாஸ்திரி (1762–1827), தியாகராஜர் (1767–1847), முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆகிய மும்மூர்த்திகளும் திருவாரூரில் பிறந்தவர்கள். மூவருடைய கீர்த்தனைகளும் பரவலாக அச்சேறியது அவர்கள் காலத்துக்குப் பின்புதான். அதுவரை பாட்டு இருந்த இடம் சீடர்களின் தொண்டை. சிலரிடம் கூடவே ஓர் ஏடும் இருந்தது. ஒருவர் எந்த குருவிடம், எந்த வழியாகப் பாடம் செய்தார் என்பதைப் பாடாந்தரம் என்பார்கள். ஒரு பாட்டுக்குக் கேட்கப்பட்ட முதல் அத்தாட்சி அதுதான்.

இரண்டாவது அத்தாட்சி முத்திரை. தீட்சிதருக்கு ‘குருகுஹ’, சாஸ்திரிக்கு ‘சியாமகிருஷ்ண’, தியாகராஜருக்கு அவர் பெயரே. ஆனால் முத்திரை எளிதில் ஏமாற்றக்கூடியது. சாஸ்திரி வழியில் வந்த அண்ணாசாமி சாஸ்திரியும் ‘சியாமகிருஷ்ண’ என்றே வைத்துப் பாடினார். திருவாரூரில் குடிகொண்ட இறைவன் பெயரும் தியாகராஜர். அவர்மேல் தீட்சிதர் பாடிய கீர்த்தனைகளில் ‘தியாகராஜ’ என்பது சுவாமியின் பெயர், கையெழுத்து ‘குருகுஹ’. சரணத்தில் பெயர் வந்துவிட்டது என்று மட்டும் பார்த்தால் சுவாமியையும் பாடியவரையும் குழப்பிக்கொள்ள நேரும். தவிர, மூன்றெழுத்தோ நான்கெழுத்தோ கொண்ட ஒரு சொல்லைக் கடைசி அடியில் செருகுவது யாப்பு தெரிந்தவருக்குப் பெரிய காரியம் அல்ல.

தியாகராஜருக்குச் சீடர்கள் பலர். வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்று வழிகள் கிளைத்தன. ஐயம்பேட்டையில் வாழ்ந்து பின்னர் வாலாஜாபேட்டைக்குப் போன வேங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசுவாமி பாகவதரும் எழுதி வைத்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்படுகின்றன. சாகித்யத்தை ஒப்பிட அவையே முதன்மை ஆதாரம். இருந்தும் ஒரே கீர்த்தனை மூன்று வழிகளில் மூன்று விதமாகப் பாடப்படுவதுண்டு. சில சமயம் ராகமே மாறிவிடும். ராமாயண சுலோகங்களுக்கு ஈடாக 24,000 கீர்த்தனைகள் பாடினார் என்பது பக்தர்களின் கணக்கு. இன்று கிடைப்பவை சுமார் 700. இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள வெற்றிடம்தான் இடைச்செருகலுக்கு வசதி செய்து கொடுத்தது. “காணாமற்போன ஒன்று அகப்பட்டது” என்று யாராவது சொன்னால் மறுப்பது கடினம்.

தீட்சிதர் விஷயத்தில் ஓர் எல்லைக்கல் இருக்கிறது. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் வளர்ப்பு மகன் சுப்பராம தீட்சிதர், எட்டயபுரத்தில் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார். கமகக் குறியீடுகளோடு தீட்சிதரின் 229 உருப்படிகள் அதில் உள்ளன. குடும்பத்தார் கையிலிருந்து வந்ததால் அதிலிருப்பதை யாரும் சந்தேகிப்பதில்லை. சிக்கல் அதற்குப் பின்னால் வந்தவற்றில்தான். கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் ‘தீட்சித கீர்த்தன மாலை’யைப் பல பகுதிகளாகப் பதிப்பிக்க, தொகை ஏறத்தாழ இரு மடங்கானது. நவக்கிரக கீர்த்தனைகள் இதற்கு நல்ல உதாரணம். 1904 நூலில் இருப்பவை ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிழமைகளுக்கு உரிய ஏழு மட்டும். ராகுவுக்கும் கேதுவுக்கும் உரிய இரண்டும் பின்னரே அச்சில் வந்தன. ஒன்பது கிரகத்துக்கும் பாட்டு வேண்டும் என்று கோயிலும் கச்சேரியும் விரும்பின. அந்த விருப்பம் நிறைவேறிய விதம்தான் ஆய்வாளர்களை உறுத்துகிறது. இவர்கள் பார்ப்பது வடமொழி இலக்கணம், ராகத்தின் பெயரும் போக்கும் வேங்கடமகியின் ராகப் பகுப்பு மரபை ஒட்டியிருக்கின்றனவா என்பது, நடையின் கனம். இவற்றில் எதுவும் தனியாகத் தீர்ப்பாகாது. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டுமே சந்தேகத்துக்கு வலு.

டெல்டாவில் இன்னும் தீராத பெரிய வழக்கு ஊத்துக்காட்டு வேங்கட கவியைப் பற்றியது. கும்பகோணத்துக்குத் தென்மேற்கே, ஆவூர்ப் பக்கம் இருக்கும் சிற்றூர் ஊத்துக்காடு. காளிங்கநர்த்தனப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்றது. கவி 18ஆம் நூற்றாண்டில், அதாவது மும்மூர்த்திகளுக்கு முன்பே, அங்கு வாழ்ந்தார் என்பது மரபு. ஆனால் ‘அலைபாயுதே கண்ணா’, ‘தாயே யசோதா’, ‘அசைந்தாடும் மயில்’ போன்றவை ஊரெங்கும் ஒலிக்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் நடுவில். கவியின் உடன்பிறந்தார் வழி வந்தவராகச் சொல்லப்படும் நீடாமங்கலம் கிருஷ்ணமூர்த்தி பாகவதர் தம் கதாகாலட்சேபங்களில் அவற்றைப் பாடினார், பாடம் சொன்னார், அச்சிலும் கொண்டுவந்தார். பாட்டுகள் ஏறக்குறைய முழுவதும் ஒரே ஒருவர் வழியாக வந்திருப்பதால், பாகவதரே இயற்றிக் கவியின் தலையில் ஏற்றினார் என்ற பேச்சு எழுந்தது.

ஐயப்படுவோர் சொல்லும் காரணங்கள் பல. தமிழ் நடை 18ஆம் நூற்றாண்டைவிட இக்காலத்துக்கே நெருங்கியிருக்கிறது. பெரும்பாலான பாட்டுகளில் நிலையான முத்திரை இல்லை. சப்தரத்னம் தியாகராஜரின் பஞ்சரத்னம் போலவே நாட்டையிலும் கௌளையிலும் தொடங்குகிறது. காமாட்சி நவாவரணம் தீட்சிதரின் கமலாம்பா நவாவரணத்தை நினைவூட்டுகிறது. ‘அசைந்தாடும் மயில்’ பாடப்படும் சிம்மேந்திர மத்தியமம் என்ற பெயரும் வேங்கடமகி மரபுக்கு உரியதல்ல. அங்கே 57ஆம் மேளத்துக்கு சுமத்யுதி என்று பெயர். கவியின் பக்கம் நிற்பவர்களில் முன்னணியில் இருப்பவர் சித்ரவீணை ரவிகிரண். தாளக் கணக்கின் நுட்பமும் வடமொழி ஆளுமையும் ஒரு பெரிய வாக்கேயக்காரரைக் காட்டுகின்றன என்பது இவர்கள் கட்சி.

இதில் ராக வாதம் மிகப் பலவீனமானது. சீர்காழி அருணாசலக் கவியின் ராம நாடகப் பாட்டுகள் இன்று பாடப்படும் மெட்டுகளில் பல பிற்கால வித்வான்கள் போட்டவை. அதனால் சாகித்யம் அவருடையதல்ல என்று யாரும் சொல்வதில்லை. மெட்டு புதிது என்பது வேறு, சொல் புதிது என்பது வேறு. வேங்கட கவிக்கு ஆதரவாகவும் எதிராகவும் பேசுவோர் இரண்டையும் கலந்துவிடுவதால்தான் சண்டை நீள்கிறது. ரசிகர்களோ தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. 2000இல் மணிரத்னம் படத்துக்குப் பெயராகும் அளவுக்கு ‘அலைபாயுதே’ வீடுகளுக்குள் போயிருந்தது.

இதே குழப்பம் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்திலும் வெடித்தது. சுவாதித் திருநாள் அரசவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு இருந்தார். 20ஆம் நூற்றாண்டில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், தஞ்சைத் தரணியின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் மன்னரின் பாட்டுகள் பலவற்றுக்கு மெட்டமைத்துப் பரப்பினார்கள். 1980களில் வீணை எஸ். பாலசந்தர், மன்னர் வாக்கேயக்காரரே அல்ல என்று வாதாடினார். அரண்மனையும் சங்கீத உலகமும் கொதித்தன. பாலசந்தர் 1990இல் மறைந்த பிறகு சூடு தணிந்தது.

இவற்றில் எல்லாம் ஐயம் சொல்லின்மேலும் மெட்டின்மேலும்தான். மறைந்தவரின் குரலையே யாரும் திரும்பக் கொண்டுவரவில்லை. அது நடந்தது 2024இல், சினிமாவில். ‘லால் சலாம்’ படப் பாட்டு ஒன்றில் 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா இருவர் குரலையும் ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கினார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். குரல் அசலா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை, செயற்கை என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. விவாதம் உரிமையைப் பற்றியும், இப்படிச் செய்யலாமா என்பதைப் பற்றியும் நடந்தது. அதே ஆண்டு ‘வேட்டையன்’ படத்தின் ‘மனசிலாயோ’ பாட்டில் 2011இல் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரல் அவ்வாறே வந்தது. பாடகர் வரிசையில் அவர் பெயரோடு மகன் யுகேந்திரன் பெயரும் இருந்தது.